ஒன்பது முறை ஒத்திவைத்த கட்டடம்

ஜூன் 3, திங்கள்

ஆர்டர் வந்துவிட்டது. நகரப் புதுப்பிப்பு வாரியத்தில் குடியிருப்போர் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்று புது விதி போட்டிருக்கிறார்கள். எங்கள் கிழக்குக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான் என்பதால் என் பெயர். ‘என். துளசிமணி, அலுவல் சாரா உறுப்பினர்.’ அலுவல் சாரா என்றால் என்ன என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். சம்பளம் கிடையாது என்று அர்த்தம் என்றார்.

சாயந்திரம் சங்கக் கூட்டம் எங்கள் வீட்டில். சி பிளாக்கிலேயே எங்கள் ஹால்தான் பெரிது, இருபது பேர் தாராளமாக உட்காரலாம். அதனால் எப்போதும் இங்கேதான். எல்லோருக்கும் ஒரே பேச்சு. கட்டடம் பழுதென்று சொல்லி நம்மைச் செட்டிபாளையத்துக்கு அப்பால் கொண்டுபோய்விடுவார்கள், நகரத்துக்குள் இருக்கும் இந்த இடத்தை யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், துளசி உள்ளே போனால் தடுத்துவிடலாம் என்று. எங்களுக்கு நேர் கீழ்வீட்டு மரகதக்கா மட்டும் பேசவில்லை. அவர் வீட்டுக்காரர் ஆறுக்குட்டி அண்ணன் கிளம்பும்போது, “அங்க என்ன பேசறாங்கன்னு ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்கம்மிணி” என்றார்.

அதற்குத்தான் இந்த டைரி. நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபுக்கு மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்தது. ஐந்து மாதம் காலி.

ஜூன் 14, வெள்ளி

முதல் கூட்டம். ஊரை மாற்றியமைக்கிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. லேப் கவுன்டரில் உட்கார்ந்து எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று, இந்த மாதிரி ஆட்களைப் பார்த்ததில்லை.

முட்டை வடிவ மேஜை. என் இடத்தில் ‘திரு. துளசிமணி’ என்று பலகை. ஆண் என்று நினைத்துவிட்டார்கள். என்னோடு சேர்த்து ஏழு பேர். தலைவர் திருவேங்கடம், ஓய்வுபெற்ற கலெக்டர். உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துவிட்டார். தலைமைப் பொறியாளர் ஹக்கீம், யார் முகத்தையும் பார்க்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுமானத் தொழில் சார்பில் கோவர்த்தனன், நல்ல வெள்ளை வேட்டி, எல்லோரிடமும் சிரிப்பு. கட்டடக்கலைப் பேராசிரியர் எஸ்தர், என்னைப் பார்த்துத் தலையசைத்தது அவர் ஒருவர்தான். இன்னும் இருவர் நிதித் துறையிலிருந்தும் வருவாய்த் துறையிலிருந்தும் வந்தவர்கள். டீ யார் யாருக்கு முதலில் போகிறது என்பதைப் பார்த்தே யார் பெரியவர் என்று கண்டுபிடித்துவிடலாம். எனக்கு ஏழாவது டீ.

செயலர் மாலினி என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் கூட்டப் பொருளை ஒவ்வொன்றாகப் படிப்பார். தலைவர் ஒரு சுற்றுப் பார்ப்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் “ஒருமனதாக” என்பார், அடுத்தது. சம்மதம் என்று யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. சும்மா இருந்தால் போதும். பதினைந்து பொருள் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

ஒன்பதாவது பொருள் எங்களுடையது. ‘கிழக்குக் குடியிருப்பு சி பிளாக், கட்டட உறுதித்தன்மை அறிக்கை.’ எழுதிக்கொண்டுபோன எதிர்ப்பை எடுப்பதற்குள் தலைவர் “ஒத்திவைக்கலாம்” என்றுவிட்டார். ஹக்கீம் மட்டும் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் படிக்கட்டெல்லாம் ஒரே சந்தோஷம். நான் வாயே திறக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

ஜூன் 15, சனி

எட்டு நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. டிரம், குடம், அண்டா எல்லாம் பிடித்து இடுப்பு விட்டுப்போயிற்று. பிடித்துக்கொண்டே யோசித்தேன். இடத்தைப் பிடுங்க நினைக்கிறவர்கள் எதற்கு ஒத்திவைக்க வேண்டும்?

ஜூன் 24, திங்கள்

அரை நாள் லீவு போட்டு வாரிய அலுவலகம் போனேன். பழைய கூட்டக் குறிப்புகளைப் பார்க்க வேண்டும் என்றதும் மாலினிக்கு ஆச்சரியம். இதுவரை எந்த உறுப்பினரும் கேட்டதில்லையாம். ஒரு அறையைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனார்.

சி பிளாக் ஆறு வருடத்தில் ஒன்பது முறை கூட்டத்துக்கு வந்திருக்கிறது. ஒன்பது முறையும் ஒத்திவைப்பு. முதலில் தேர்தல் வந்துவிட்டது. பிறகு மூன்று முறை, ஆட்களை எங்கே தங்கவைப்பது என்று தெரியவில்லை. அதற்கப்புறம் ஐந்து முறை ஒரே வரி: ‘குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆட்சேபக் கடிதத்தைக் கருத்தில் கொண்டு.’

கடிதமும் கோப்பில் இருந்தது. ‘எங்கள் கட்டடம் உறுதியாக உள்ளது. எந்த வீட்டிலும் உட்சுவர் எதிலும் மாற்றம் செய்யப்படவில்லை.’ கீழே என் கையெழுத்து. வாரியம் எங்களை இடிக்கப் பார்க்கிறது என்று இத்தனை நாள் நினைத்தேன். வாரியத்துக்கு ஒன்றும் செய்யாமலிருக்க ஒரு காரணம் வேண்டியிருந்திருக்கிறது. அதை நான்தான் கொடுத்திருக்கிறேன்.

மாலினி எட்டிப் பார்த்து, ஒரு மாதிரி இருக்கீங்களே என்றார். வெயில் என்றேன். அறிக்கையைக் கேட்டதற்குத் தலைவர் அனுமதி வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்னொன்று. அதே குறிப்புகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ‘புலியகுளம் அலுவலர் குடியிருப்பு, பராமரிப்பு’ என்று ஒரு பொருள் வருகிறது. எப்போதும் ஒருமனதாக. அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டேன். மாலினி சிரித்துவிட்டு மின்விசிறியை நிறுத்தினார்.

ஜூலை 2, செவ்வாய்

லேபில் இருக்கும்போது தலைவரே போன் செய்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அறிக்கை எதற்கு என்று மரியாதையாகத்தான் விசாரித்தார். தெரிந்துகொள்ளத்தான் என்றேன்.

“அதைப் படிச்சுட்டா, படிக்கலைன்னு அப்புறம் சொல்ல முடியாதும்மா.”

மிரட்டுகிறாரா, அக்கறையாகச் சொல்கிறாரா, புரியவில்லை. சொந்த அனுபவத்தில் சொன்ன மாதிரி இருந்தது. பரவாயில்லைங்க, அனுப்புங்க என்றேன். லேபில் ரிசல்ட் கவரை வாங்கிப் பிரிக்காமலே பையில் வைத்துக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். எப்படி முடிகிறது என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

ஜூலை 9, செவ்வாய்

படித்தேன். பாதி புரியவில்லை. கடைசிப் பக்கம் புரிந்தது. சுவர்கள்தான் கட்டடத்தைத் தாங்குகின்றன, தூண்கள் கிடையாது. வடகிழக்கு மூலையில் இரண்டாம் மாடியிலும் முதல் மாடியிலும் தளம் இறங்கியிருக்கிறது. உடனே காலி செய்யப் பரிந்துரை.

வடகிழக்கில் இரண்டாம் மாடி எங்களுடையது, முதல் மாடி மரகதக்காவுடையது. மூலை என்றுதான் போட்டிருக்கிறது, வீட்டு எண் போடவில்லை.

தோசைக்கு ஊறவைக்க மறந்துவிட்டேன். நாளைக்கு உப்புமா.

ஜூலை 13, சனி

புரியவில்லை, வந்து விளக்குங்கள் என்று கேட்டிருந்தேன். ஹக்கீம் பைக்கில் தனியாக வந்தார். சட்டைப் பையில் சின்னச் சுத்தியல். கீழிருந்து ஒவ்வொரு வீடாகத் தட்டிக்கொண்டே வந்தார். மரகதக்கா வீட்டில் ரொம்ப நேரம், நான் வெளியே படிக்கட்டிலேயே நின்றேன். கூட்டத்தில் கூரையைப் பார்க்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. எங்கே போனாலும் அங்கேதான் அவர் கண் போகிறது.

ஆறு வருடமாக ஏன் சண்டை போடவில்லை என்று கேட்டேன். கோபப்படவில்லை. “எழுதறது என் வேலைங்க. ஒன்பது தடவை எழுதிட்டேன். முடிவெடுக்கறது நீங்கதானுங்களே” என்றார். நீங்க என்றதில் நானும் சேர்த்தி என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

எங்கள் ஹாலுக்கு வந்ததும் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். இங்கே ஒரு சுவர் இருந்ததா என்று கேட்டார். நாங்கள் குடிவரும்போதே இப்படித்தான் என்றேன். சரிங்க என்று எழுதிக்கொண்டார். டீ குடித்துவிட்டு, இஞ்சி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் சமையலறைக்குள் போனவர் ஹக்கீம் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. பிறகு, “எதுக்கு அப்படிச் சொன்னே?” என்றார். நான் கீரை ஆயத் தொடங்கினேன்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. லேபில் கூட்டமில்லை.

எழுதிவிடுகிறேன். ஏழு வருடம் முன்னால் மகள் ஹேமாவின் நிச்சயதார்த்தம். மண்டபம் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து நாற்பது பேர் என்றார்கள். ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்தோம். மூன்று நாள் வேலை. கொத்தனார் இது தாங்குசுவராக இருக்குமே, யாரையாவது கேட்டுக்கலாமா என்றார். யாரைக் கேட்பது, இடிங்க என்றேன். நான்தான் சொன்னேன். இவர் பட்டறைக்குப் போயிருந்தார்.

ஹால் அழகாக இருந்தது. பார்த்துவிட்டு இன்னும் பத்து வீட்டில் எடுத்தார்கள். எல்லோருக்கும் அதே கொத்தனாரை நான்தான் அனுப்பிவைத்தேன்.

இந்தத் தாளைக் கிழிக்கப் போனேன். பின்பக்கத்தில் கேஸ் சிலிண்டர் பதிவு எண் இருக்கிறது. விட்டுவிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

பஸ் ஏறிப் புலியகுளம் போனேன். அலுவலர் குடியிருப்பு என்று நுழைவு வளைவில் எழுதியிருக்கிறது. உள்ளே அறுபது வீடு. அறுபதிலும் பூட்டு. நாலு வருடமாக யாருமில்லை, அதிகாரிகளெல்லாம் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார் வாட்ச்மேன். ஒரு வீட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். வந்தது.

எஸ்தர் மேடத்துக்கு அங்கிருந்தே போன் செய்தேன். எங்கள் பிளாக்கில் நாற்பத்தெட்டுக் குடும்பம், இங்கே அறுபது வீடு, புதுக் கட்டடம் எழும்பும்வரை இங்கே இருந்தால் என்ன என்று கேட்டேன். “மூணு வருஷமா அந்த மேஜையில உட்கார்ந்து ஒருமனதாக ஒருமனதாகன்னு இருந்திருக்கேன். யார் இருக்காங்கன்னு எனக்குக் கேக்கத் தோணலையே” என்றார். இருவரும் சேர்ந்து தீர்மானம் எழுதப் போகிறோம். அதே இடத்தில் திரும்பக் கட்ட வேண்டும், அதே நாற்பத்தெட்டுக் குடும்பமும் திரும்ப வர வேண்டும் என்பதையும் சேர்த்து.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சங்கக் கூட்டம். அறிக்கையில் இருப்பதைச் சொன்னேன். கட்டடம் நிஜமாகவே ஆபத்து, காலி செய்துதான் ஆக வேண்டும் என்றேன். அரை மணி நேரம் யார் என்ன சொன்னார்கள் என்று எழுத முடியாது. உனக்குத் தனி வீடு கொடுத்துவிட்டார்களா என்று ஒருவர் கேட்டார். ஏழாவதாக வந்த டீ இப்போது மூன்றாவதாக வருகிறதோ, அதில் மயங்கிவிட்டாயா என்று இன்னொருவர். டீ விஷயத்தைச் சிரிப்பாக நான்தான் சொல்லியிருந்தேன்.

புலியகுளத்தைச் சொன்னதும் கொஞ்சம் அடங்கினார்கள். நம்பவில்லை. சுவர் பற்றி நான் சொல்லவில்லை.

மரகதக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எந்த மூலை என்று போட்டிருக்கிறது என. வடகிழக்கு என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 14, புதன்

கூட்டம் இரண்டே முக்கால் மணி நேரம். தலைவர் கடிகாரத்தைக் கழற்றவே இல்லை.

தீர்மானத்தை எஸ்தர் படித்தார். நிதித் துறைக்காரர், அலுவலர் குடியிருப்பைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்றார். பிறகு கோவர்த்தனன். அவர் குரலை உயர்த்தவே மாட்டார். சுவரை இடித்துக் கட்டடத்தைக் கெடுத்தவர்களுக்கு வாரியம் எதற்கு மாற்று வீடும் கொடுத்து, புது வீடும் கட்டித்தர வேண்டும் என்று கேட்டார். யாரும் இடிக்கவில்லை என்று சங்கமே கடிதம் கொடுத்திருக்கிறதே என்று தலைவர் சொன்னார். கோவர்த்தனன் என் பக்கம் திரும்பினார். நாற்பது வருடம் கட்டடம் கட்டினவன் நான், கோப்பிலுள்ள படங்களைப் பார்த்தாலே தெரிகிறது, உறுப்பினருக்குத் தெரியாமலிருக்குமா என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். அங்கே சும்மா இருந்தால் எல்லாம் ஒருமனதாகப் போய்விடும். ஆனால் ஹக்கீம் எதிரே இருந்தார். கூரையைப் பார்க்காமல் இன்றைக்குத்தான் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஹாலில் நின்ற அன்றே அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“பதினோரு வீடுங்க” என்றேன். “முதல்ல இடிச்சது எங்க வீடு. சொல்லி இடிக்கவெச்சது நான். அந்தக் கடிதம் பொய்ங்க, அதுவும் நான் எழுதினது. பொறியாளர் சாருகிட்டயும் பொய் சொன்னேன். மத்த முப்பத்தேழு வீடும் ஒண்ணும் பண்ணலைங்க. அவங்க எங்களுக்குக் கீழயும் மேலயும் படுத்துத் தூங்கறாங்க.”

மாலினி எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலைவரைப் பார்த்தார். எழுதுங்கள் என்று நானே சொன்னேன்.

கோவர்த்தனன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். எல்லோருக்கும் புலியகுளத்தில் இடம் கொடுக்கட்டும், ஆனால் அந்தப் பதினோரு குடும்பம் புதுக் கட்டடத்துக்குத் திரும்பி வரலாமா என்பதை விசாரணைக்குப் பிறகு வாரியம் முடிவு செய்யட்டும் என்று. எஸ்தர் மறுக்கப் போனார். நான் ஒத்துக்கொண்டேன். திருத்தத்தோடு சேர்த்து வாக்கெடுப்பு. நான், எஸ்தர், ஹக்கீம் ஆதரவு. நிதி, வருவாய் இருவரும் எதிர்ப்பு. கோவர்த்தனன் தன் திருத்தத்தையும் சேர்த்தே எதிர்த்து வாக்களித்தார். மூன்றுக்கு மூன்று. சமமானால்தான் தலைவருக்கு வாக்கு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒன்பது தடவையும் நான்தான் ஒத்திவெச்சேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு காரணம் கிடைச்சுது” என்றார். மேஜையைச் சுற்றிப் பார்த்தார். யாராவது இன்னொன்று கொடுப்பார்களா என்று பார்த்த மாதிரிதான் இருந்தது. யாரும் கொடுக்கவில்லை. ஆதரவு என்றார்.

வெளியே நடைபாதையில் கோவர்த்தனன் எனக்குக் கும்பிடு போட்டார். “நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேனுங்க” என்றார். கேலியில்லை. வாக்களித்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லாத ஒரு முகம். இந்த மனிதர் எனக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம் முடிந்ததும் சுவர் எடுத்த மற்றப் பத்து வீட்டுக்கும் நானே போய்க் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். மூன்று வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில், நீ சொல்லித்தானே இடித்தோம் என்றார்கள். ஆமாம் என்றேன். செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். வாரியத்தில் பதவி இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது, அதை விடவில்லை.

ஹேமா திருப்பூரிலிருந்து போனில் அழுதாள். எனக்காகவாம்மா என்றாள். உனக்காக இல்லை, நாற்பது பேர் முன்னால் வீடு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று எனக்குத்தான் ஆசை என்றேன். இவர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, முதல் தடவையாக, டீ அவர் போட்டுக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மரகதக்கா வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அவர்கள் சுவரை எடுக்கவில்லை, அதனால் சொல்ல வேண்டியதில்லை என்று நாலு நாள் ஓட்டினேன். இன்று இறங்கிப் போனேன்.

அண்ணன் வெளியே போயிருந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே விரிசல், சுண்ணாம்பு பூசி மறைத்த கோடு. அதற்கு நேர் கீழே கட்டில். ஏழு வருடம் ஒரு படி இறங்கி வந்து இதை நான் பார்த்ததே இல்லை. நின்றபடியே சொன்னேன். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும் துளசி. மூணு நாள் சத்தம் கேட்டுது. மூணாம் நாள் ஃபேன் ஆடுச்சு. என்னன்னு வந்து கேக்கலாம்னு படிக்கட்டு வரைக்கும் வந்தேன். விசேஷ வீடாச்சே, எதுக்குக் கேட்டுட்டுன்னு திரும்பிட்டேன்.”

கடைசித் துணியை மடித்து வைத்தார். “அன்னையிலருந்து உங்கண்ணன் கட்டில்ல படுக்கறதில்லைங்க. வாசப்படிகிட்ட படுத்துக்குவாரு. ஓடறதுக்குச் சுலபம்னு.”

உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏறி வந்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆடி முடியட்டும் என்று எல்லோரும் காத்திருந்ததால் இன்றுதான் கடைசி லாரி. நாற்பத்தெட்டுக் குடும்பமும் புலியகுளம் வந்து சேர்ந்தோம். வீடுகளுக்கு மாலினி குலுக்கல் போட்டார். எங்களுக்கு முதல் மாடி, பதினெட்டாம் எண். மரகதக்காவுக்குத் தரைத்தளம், எட்டு. நேர் கீழே. பேரைப் படித்ததும் எல்லோரும் எங்கள் இருவரையும் பார்த்தார்கள்.

சாமான் இறக்கிக்கொண்டிருக்கும்போது அக்கா சாவியோடு படியேறி வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. சாவியை நீட்டினார்.

“இந்தத் தடவை நாங்க மேல இருந்துக்கறோம். நீங்க கீழ இருங்க.”

முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. எங்கள் சாவியைக் கொடுத்தேன். மாலினி பதிவேட்டில் மாற்றி எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஏற்றிய பீரோவை இவரும் ஆறுக்குட்டி அண்ணனும் சேர்ந்தே திரும்ப இறக்கினார்கள்.

செப்டம்பர் 13, வெள்ளி

லேபிலிருந்து வந்து சாதம் வைக்கும்போது மேலே தரையில் ஏதோ பெரிதாக இழுக்கிற சத்தம். கரண்டியை வைத்துவிட்டுப் படியேறிப் போய் என்ன என்று கேட்டேன். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்துகிறார்களாம். அண்ணன் இன்றிலிருந்து அதில்தான் படுக்கப் போகிறாராம். அக்கா உள்ளே வரச் சொன்னார். ஒரு பக்கம் நான் பிடித்தேன்.